நான் குறிக்காமல் விட்ட கிணறு

டவர் எப்படி நிறுத்துவது, கம்பி எப்படி இழுப்பது என்பதையெல்லாம் உங்களுக்குப் பயிற்சியில் சொல்லித் தருவார்கள். என்னைவிட நன்றாகவே சொல்லித் தருவார்கள். இப்போது வானத்திலிருந்து படம் எடுத்து லைனுக்கு வழி போடுகிறீர்கள் என்று கேள்விப்படுகிறேன். எங்கள் காலத்தில் சங்கிலி, கோணம் அளக்கும் தியோடலைட், இரண்டு கால்கள், அவ்வளவுதான். அதனால் தொழில் நுணுக்கம் எதுவும் சொல்ல வரவில்லை. என் வேலைக் காலத்தில் வாயைத் திறக்க வேண்டிய இடத்தில் இரண்டு முறை திறக்காமல் இருந்துவிட்டேன். இரண்டும் ஒரே லைனில், ஒரே ஊரில் நடந்தவை. அதை மட்டும் சொல்கிறேன்.

எண்பதுகளின் தொடக்கம். ஓசூர் அப்போது தர்மபுரி மாவட்டத்தில்தான் இருந்தது. அங்கே கம்பெனிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்தன. அவற்றுக்கு மின்சாரம் கொண்டுபோக மாவட்டத்தின் குறுக்கே இருநூற்று முப்பது கிலோவோல்ட் லைன் ஒன்று போக வேண்டும். காரிமங்கலத்தை ஒட்டிய பகுதிக்கு சர்வே பொறுப்பு எனக்கு. உதவிப் பொறியாளராகச் சேர்ந்து மூன்று வருடம்கூட ஆகவில்லை.

சர்வேயில் ஒரு விதி உண்டு. லைன் போகிற வழியை ஓர் அடி விடாமல் நடந்து பார்க்க வேண்டும். வழியில் உள்ள வீடு, கிணறு, மரம், பாதை எல்லாவற்றையும் படத்தில் குறிக்க வேண்டும். நடந்து பார்த்தேன் என்று கீழே கையெழுத்துப் போட வேண்டும். நானும் நடந்தேன், ஓர் இடத்தைத் தவிர. சித்திரை மாதத்து மத்தியானம் அது. சங்கிலி பிடித்த இரண்டு ஆட்களும் நா வறண்டு ஒரு பாறையின் நிழலில் உட்கார்ந்துவிட்டார்கள். நாங்கள் நின்ற மேட்டிலிருந்து எதிர்மேடு தெளிவாகத் தெரிந்தது. நடுவில் ஒரு சரிவு, முள் புதர், ஒரு புளியமரம். இறங்கி ஏறினால் ஒரு மணி நேரம் ஆகும். மேட்டிலிருந்து மேட்டுக்குக் குறி பார்த்துத் தூரத்தைக் கணக்கிட்டேன். நடுவில் இருந்ததைக் கண்ணால் மதிப்பிட்டு, ‘மானாவாரி நிலம், புதர்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அந்தப் புதருக்குப் பின்னால் ஒரு கிணறு இருந்தது. அந்தப் பக்கத்துக் கிணறுகள் பலவற்றுக்குச் சுற்றுச்சுவர் கிடையாது. பாறையைச் சதுரமாக வெட்டி இறக்கியிருப்பார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் ஓரத்தில் முளைத்த செடிகள் மட்டும்தான் தெரியும். என் படம் மேலே போய் ஒப்புதலாகி வந்தது. எந்த இடத்தில் எந்த டவர் என்பது முடிவானது. இரும்புக்கு ஆர்டரும் போய்விட்டது.

நாங்கள் டவர் நிற்கும் இடங்களில் முளை அடித்துவிட்டு வந்த மறுவாரம், தர்மபுரியில் இருந்த எங்கள் அலுவலகத்துக்கு, அந்தச் சரிவை ஒட்டிய ஊரிலிருந்து பத்துப் பன்னிரண்டு பேர் பஸ் ஏறி வந்தார்கள். கையில் ஒரு கட்டு இருந்தது. நாங்கள் அடித்த முளைகளைப் பிடுங்கி, மண்ணைத் தட்டிச் சுத்தம் செய்து, கற்றாழை நாரால் கட்டிக் கொண்டுவந்திருந்தார்கள். அலுவலகச் சாமானைத் திருப்பிக் கொடுக்கிறோம், பெற்றுக்கொண்டதாக எழுதிக் கொடுங்கள் என்றார்கள். ஒருவரும் குரலை உயர்த்தவில்லை. எங்கள் எழுத்தர் என்ன செய்வதென்று தெரியாமல் என்னைப் பார்த்தார்.

அவர்களுக்காகப் பேசியவர் ஜாபர் பாய். நிலம் வைத்திருப்பவர் அல்ல. காரிமங்கலத்தில் கிணற்று மோட்டார்களுக்குக் காயில் கட்டுகிற மெக்கானிக். சுற்று வட்டாரத்தில் அவர் கை படாத மோட்டார் இல்லை என்பார்கள். எந்தக் கிணற்றில் எத்தனை ஆழத்தில் தண்ணீர் நிற்கிறது என்பது அவருக்கு மனப்பாடம். அவருக்குப் பக்கத்தில் நின்றவர் முனுசாமி. மூன்று ஏக்கர்க்காரர், நாற்பது வயது இருக்கும், அதிகம் பேசாதவர். நான் குறிக்காமல் விட்ட கிணறு அவருடையது.

ஜாபர் பாய்தான் விளக்கினார். டவர் நிற்கும் நிலம் போவதைக்கூட ஊர் பொறுத்துக்கொள்ளும். ஆனால் லைன் ஏழு கிணறுகளுக்கு மேலோ பக்கத்திலோ போகிறது. இந்த ஊரில் மூன்று நான்கு வருடத்துக்கு ஒருமுறை கிணற்றை ஆழப்படுத்தியாக வேண்டும். வெட்டிய கல்லை மேலே தூக்குவதற்குக் கிணற்று ஓரத்தில் கிரேன் நிறுத்த வேண்டும். அதன் கை இருபத்தைந்து, முப்பது அடி உயரம் போகும்.

முனுசாமி அன்று சொன்னது ஒரே ஒரு வாக்கியம்தான். “கெணத்துமேல கம்பி போனா, அப்புறம் கெணறு எப்பிடீங்க எறக்கறது?”

அப்போதுதான் அங்கே ஒரு கிணறு இருப்பதே எனக்குத் தெரிந்தது.

அவர்கள் வெறும் கையோடு வரவில்லை. ஊருக்கு மேற்கே ஒரு கரடு உண்டு, பாறைக் குன்று. அதன் அடிவாரம் முழுவதும் மேய்ச்சல் புறம்போக்கு. அந்த வழியாகப் போனால் ஒரு கிணறும் குறுக்கே வராது என்றார் ஜாபர் பாய். பழைய காலண்டர்த் தாள்களின் பின்பக்கத்தை ஒட்டி ஒரு படமே போட்டிருந்தார். கயிற்றால் அளந்து போட்ட படம். நான் ஒரு நாள் அவர்களோடு போய் அந்த வழியை நடந்து பார்த்தேன். இந்த முறை ஓர் அடி விடவில்லை. கயிறு போட்டு அளந்த படத்தில் பெரிய பிழை எதுவும் இல்லை. லைன் இரண்டு இடங்களில் திரும்ப வேண்டும், திருப்பத்துக்கு உரிய கனமான டவர் இரண்டு கூடுதலாக வேண்டும். வேறு தடை ஒன்றும் இல்லை.

மத்தியானம் முனுசாமியின் வீட்டில் சாப்பிட்டோம். அவர் மனைவி சாலம்மா களியும் கொள்ளுச் சாறும் வைத்தாள். வாசற்படிக்கு உள்ளே நின்றபடி, வழி சரியாக இருக்கிறதா என்று கேட்டாள். நான் ஜாபர் பாயைப் பார்த்து, “முடியும்னுதான் தோணுது, பாய். ஆபீஸ்ல பேசறேன்” என்றேன். சாலம்மா எனக்கு இன்னொரு உருண்டை களி வைத்தாள். அன்று பஸ்ஸுக்கு வரும்வரை ஊரில் பார்த்தவர்கள் எல்லோரும் எனக்கு வணக்கம் சொன்னார்கள்.

எங்கள் செயற்பொறியாளரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். தொழிலாளிக்குக் காய்ச்சல் என்றால் தன் ஜீப்பில் ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிற மனிதர். நான் சொன்னதை முழுதாகக் கேட்டார். பிறகு என் சர்வே படத்தை எடுத்து மேசைமேல் விரித்து, அந்தச் சரிவில் விரலை வைத்தார்.

“இங்க கிணறே இல்லையேப்பா” என்றார்.

நான் படத்தின் கீழே இருந்த என் கையெழுத்தைப் பார்த்தேன். அவருக்குப் புரிந்துவிட்டது. படத்தை மெதுவாகச் சுருட்டினார். வழியை மாற்றினால் ஏன் மாற்றுகிறோம் என்று மேலே எழுத வேண்டும், எழுதினால் முதல் சர்வே நடக்காமல் போட்ட சர்வே என்று தெரிந்துவிடும், இரும்பு வந்து இறங்கிவிட்டது, கோடைக்குள் லைனில் மின்சாரம் ஓட வேண்டும் என்று வரிசையாகச் சொன்னார். மிரட்டலாகச் சொல்லவில்லை. என்மேல் அக்கறையோடுதான் சொன்னார். அந்த அக்கறை எனக்குத் தேவையாக இருந்தது. எனக்கு அப்போது கல்யாணம் நிச்சயமாகியிருந்தது.

மாசி மாதம் வேலை தொடங்க ஆட்களோடு போனோம். டவர் நிற்க வேண்டிய இடங்களில் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். புளி அறுவடைக் காலம். வீட்டில் உட்கார்ந்து செய்கிற வேலையை அங்கே கொண்டுவந்துவிட்டார்கள். சாக்கை விரித்து, புளியங்காயைத் தட்டி ஓடு நீக்கி, கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் போய் நின்றால் தலை நிமிர்ந்து பார்ப்பார்கள், பிறகு வேலையைத் தொடர்வார்கள். கோஷம் இல்லை, சண்டை இல்லை. ஒருத்தி எழுந்து போனால் இன்னொருத்தி வந்து உட்காருவாள். சாலம்மா தன் கிணற்றுக்கு மேற்கே இருந்த இடத்தில் காலையிலிருந்து பொழுது சாயும்வரை இருந்தாள். என்னைப் பார்த்தால் மட்டும் முந்தானையை இழுத்துக்கொண்டு லேசாகச் சிரிப்பாள். நான் ஆபீசில் பேசிக்கொண்டிருக்கிறேன் என்று அவள் நம்பிக்கொண்டிருந்தாள்.

இப்படிப் பதினோரு நாள் போயிற்று. பிறகு விஷயம் கலெக்டரிடம் போனது. மக்கள் தடுத்தால் கலெக்டர் விசாரித்து அனுமதி கொடுக்க வேண்டும், அதுதான் சட்டம். விசாரணைக்கு ஊரிலிருந்து நாற்பது பேர் வந்தார்கள். உள்ளே ஐந்து பேரை விட்டார்கள். ஜாபர் பாய் சலவைச் சட்டை போட்டிருந்தார். கலெக்டர் முன்னால் காலண்டர்ப் படத்தை விரித்து, இரண்டு பக்கமும் கை வைத்துப் பிடித்துக்கொண்டு, நிதானமாக விளக்கினார். கலெக்டர் குனிந்து பார்த்தார். இளைஞர், கவனமாகக் கேட்டார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

“இந்த வழியைத் துறையிலிருந்து யாராவது நேரில் பார்த்தீர்களா?” என்று கேட்டார்.

செயற்பொறியாளர் என்னைப் பார்த்தார். பார்த்தேன் என்றேன்.

“முடியுமா, முடியாதா?”

அந்த அறையில் மின்விசிறி ஓடியது, யாரோ தாள்மேல் கை வைத்தார்கள், முனுசாமி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “தொழில்நுட்ப ரீதியா சாத்தியமில்லைங்க, சார்” என்றேன்.

கலெக்டர் ஜாபர் பாயிடம் திரும்பி, வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டார். முனுசாமி வீட்டில் ‘முடியும்’ என்று நான் சொன்னதை அவர் இங்கே சொன்னால் போதும். அவர் என்னை ஒரு நொடி பார்த்தார். பிறகு படத்தை மடித்தார்.

“இல்லீங்க. இன்ஜினீரே முடியாதுன்னா, நாங்க என்னாங்க சொல்றது” என்றார்.

வெளியே வேப்பமரத்தடியில் அவர் தனியாக நின்றபோது பக்கத்தில் போனேன். அவரே சொன்னார். “உள்ள நான் வாயத் தொறந்திருந்தா உங்க வேலை போயிருக்கும். சின்ன வயசு. அதான் உட்டுட்டேன், சார். செஞ்சது தப்போ என்னமோ தெரியில.” கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அடுத்த வாரம் போலீஸ் பாதுகாப்போடு வேலை நடந்தது. பெண்களை வேனில் ஏற்றிக் கொண்டுபோய் மாலையில் விட்டார்கள். ஏற்றும்போது புளி மண்ணில் கொட்டியது. சாலம்மா வேனுக்குள்ளிருந்து என்னைப் பார்த்தாள். அன்று சிரிக்கவில்லை. குழி தோண்டி, டவர் நிறுத்தி, கம்பி இழுத்து முடித்தோம். குறித்த கோடையில் மின்சாரம் ஓடியது. செயற்பொறியாளருக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது. அதில் என் பெயரும் இருந்தது.

இது முதல் மௌனம். இதோடு முடிந்திருந்தால் உங்களிடம் சொல்லியிருப்பேனா தெரியாது. நம் தொழிலில் ஒவ்வொரு லைனுக்குக் கீழேயும் இப்படி யாராவது இருப்பார்கள் என்று சொல்லி மனத்தைத் தேற்றிக்கொண்டிருப்பேன்.

மூன்றாம் வருடம் மழை இல்லை. அதற்கடுத்த வருடமும் இல்லை. காரிமங்கலம் சந்தையில் மாடுகள் கேட்பாரில்லாமல் நின்றன. சுற்றிலும் எல்லா ஊர்களிலும் கிணறு இறக்கினார்கள். கம்பிக்குக் கீழே இருந்த ஏழு கிணறுகள் மட்டும் அப்படியே கிடந்தன. முனுசாமி கிரேன் வைக்காமல் கூடையிலும் கயிற்றிலும் கல்லைத் தூக்கிப் பார்த்திருக்கிறார். அவரும் சாலம்மாவும் மூன்று மாதம் தூக்கி ஐந்து அடி இறங்கியிருக்கிறார்கள். தண்ணீர் இன்னும் பத்தடிக்குக் கீழே என்று ஜாபர் பாய் சொல்லிவிட்டார். சிலர் வீட்டைப் பூட்டிக்கொண்டு பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனார்கள்.

நான் அப்போது அதே லைனின் பராமரிப்பில், ஒரு துணைமின் நிலையத்தில் இருந்தேன். ஒருநாள் ஜாபர் பாய் என்னைத் தேடி வந்தார். தலை நரைத்திருந்தது. பழையதை ஒன்றும் பேசவில்லை. முனுசாமியின் கிணற்றில் கிரேன் வைக்க ஒரே ஒரு நாள் லைனை நிறுத்த முடியுமா, பாறையை வெடி வைத்து உடைத்துப்போட்டாயிற்று, கல்லை மேலே தூக்கினால் போதும் என்றார்.

ஒரு கிணற்றுக்காக அந்த லைனை நிறுத்த மாட்டார்கள். ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணியிலிருந்து மாலைவரை பராமரிப்புக்காக அந்த லைன் நிறுத்தப்படுவதாக இருந்தது. அந்த நாளில் கிரேன் வைத்துக்கொள்ளலாம் என்று சொன்னேன். எழுத்தில் கொடுக்கவில்லை. மேலே யாரிடமும் சொல்லவும் இல்லை. விதிப்படி, லைனுக்குப் பக்கத்தில் யார் வேலை செய்தாலும் அனுமதிச் சீட்டு வேண்டும், லைன் நின்றதைச் சோதித்து இரண்டு பக்கமும் பூமியோடு இணைத்த பிறகுதான் கை வைக்க வேண்டும். அதையெல்லாம் கேட்கப் போனால் ஏன் என்று கேட்பார்கள், பழைய கதை வரும். ஓர் உதவி செய்கிறேன் என்று நினைத்தேன். ஜாபர் பாய் என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் போன பிறகு ரொம்ப நாளைக்கு அப்புறம் மனம் லேசாக இருந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது போன் வந்தது. எங்கோ ஒரு மின் உற்பத்தி நிலையத்தில் கோளாறு. இன்றைக்கு அந்த லைனை நிறுத்த முடியாது, பராமரிப்பை ரத்து செய்யுங்கள் என்றார்கள். எங்கள் ஆட்களுக்குப் பிரச்சினை இல்லை. அனுமதிச் சீட்டு வராமல் அவர்கள் டவரில் கை வைக்க மாட்டார்கள். ஜீப்பும் அவர்களோடு போயிருந்தது. முனுசாமிக்கு யார் சொல்வது?

காரிமங்கலம் பிரிவு அலுவலகத்துக்கு போன் போட்டேன். இணைப்புக் கிடைக்கக் கால் மணி நேரம் ஆனது. எடுத்த ஒயர்மேனிடம் உடனே ஊருக்குப் போய்க் கிரேன் வைக்காதே என்று சொல்லச் சொன்னேன். சைக்கிளில் போகிறேன், முக்கால் மணி நேரம் ஆகும் என்றார். சீக்கிரம் போங்கள் என்றேன்.

இப்போது கவனமாகக் கேளுங்கள். நான் நின்றுகொண்டிருந்தது கட்டுப்பாட்டு அறையில். அந்த லைனை நிறுத்தவும் போடவும் உதவும் பேனல் என் முன்னால் இருந்தது. பணியில் இருந்த ஆபரேட்டரிடம், “லைனுக்குக் கீழ ஆள் இருக்கு, டிரிப் பண்ணுங்க” என்று சொன்னால், அவர் ஒரு கேள்வி கேட்காமல் கைப்பிடியைத் திருப்பியிருப்பார். உயிர் ஆபத்து என்றால் யாரையும் கேட்காமல் லைனை நிறுத்தலாம், அதற்கு நமக்கு உரிமை உண்டு. ஓசூரில் சில கம்பெனிகள் கொஞ்ச நேரம் நின்றிருக்கும். எனக்கு விளக்கம் கேட்டு ஓலை வந்திருக்கும். லைனுக்குக் கீழே ஆள் எப்படி வந்தான், யார் சொன்னது, அந்தக் கிணறு ஏன் படத்தில் இல்லை.

நான் அதைச் செய்யவில்லை. கணக்குப் போட்டுக்கொண்டு நின்றேன். ஊர்க்காரர்கள் எட்டு மணி என்றால் எட்டு மணிக்கா தொடங்கப்போகிறார்கள்? கிரேன் கொண்டுவர வேண்டும், அதற்கு மண்ணில் கால் ஊன்ற வேண்டும், ஆள் சேர வேண்டும். ஒன்பது ஆகிவிடும். அதற்குள் சைக்கிள் போய்விடும். இதையே திரும்பத் திரும்ப எனக்குள் சொல்லிக்கொண்டேன். ஆபரேட்டர் டீ வேண்டுமா என்று கேட்டார். வேண்டும் என்றேன்.

எட்டு முப்பத்தைந்துக்குப் பேனலில் மணி அடித்தது. வெளியே யார்டில் மின்சாரத்தைத் துண்டிக்கும் பிரேக்கர் திறந்த சத்தம் வெடி மாதிரி கேட்டது. நான் நிறுத்தாத லைன் தானாக நின்றுவிட்டது. எங்கோ அது பூமியைத் தொட்டிருந்தது. கோளாறு எவ்வளவு தூரத்தில் என்று காட்டும் கருவியைப் பார்க்க எனக்குத் தேவை இருக்கவில்லை.

லைன் டிரிப் ஆனால் ஒரு முறை திரும்பப் போட்டுப் பார்ப்பது வழக்கம். ஆபரேட்டர் கைப்பிடியில் கை வைத்தார். அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன். “போடாதீங்க” என்று கத்தினேன். அவர் திடுக்கிட்டுக் கையை எடுத்தார். அப்படி ஒரு வார்த்தை அரை மணி நேரம் முன்னால் வந்திருக்க வேண்டும்.

முனுசாமி அங்கேயே இறந்துவிட்டார். கிரேனின் கையை நிமிர்த்தும்போது அது கம்பியைத் தொட்டிருக்கிறது, கீழே இரும்பைப் பிடித்துக்கொண்டிருந்தவர் அவர்தான். ஜாபர் பாய் சற்றுத் தள்ளி ஆயில் என்ஜினைக் கிளப்பிக்கொண்டிருந்ததால் பிழைத்தார். ஒயர்மேன் சைக்கிளில் போய்ச் சேர்ந்தபோது ஊரே கிணற்றடியில் நின்றதாம்.

விசாரணை வந்தது. இந்த முறை ஜாபர் பாய் யாரையும் காப்பாற்றவில்லை. ஞாயிற்றுக்கிழமை லைன் நிற்கும் என்று யார் சொன்னது என்று கேட்டதற்கு, “இந்த சார்தாங்க சொன்னாரு. நான் போய் முனுசாமிகிட்ட சொன்னேன். நாங்க ரெண்டு பேருமாச் சேந்துதான் அவன அனுப்பிட்டோம்” என்றார். விசாரணை அதிகாரி என்னைப் பார்த்தார். ஆமாம் என்றேன். சர்வேயில் நடக்காமல் விட்டது, கரட்டு வழி சாத்தியம் என்று தெரிந்தே இல்லையென்றது, பேனல் முன்னால் நின்றது, எல்லாவற்றையும் சொன்னேன். எழுதியும் கொடுத்தேன்.

இறுதி அறிக்கையில் அது எதுவும் இல்லை. முன் அனுமதி இன்றி உயர் அழுத்த மின்பாதைக்கு அருகில் கிரேன் நிறுத்தியதால் விபத்து நேர்ந்தது என்று ஒரே வாக்கியம். பழைய செயற்பொறியாளர் அதற்குள் பதவி உயர்வில் போயிருந்தார். அவரைத் தேடிப் போய்க் கேட்டேன். அவர் எனக்குக் காபி வரவழைத்தார். “நீ சொன்னதை எழுதினா துறைதான் பொறுப்புன்னு ஆயிடும்ப்பா. உன்னைக் காப்பாத்தணும்னு யாரும் செய்யல. நீ நினைக்கற அளவுக்கு நீ முக்கியமில்ல” என்றார். உண்மையைத்தான் சொன்னார். எனக்குத் தண்டனைகூடக் கிடைக்கவில்லை. வழக்கமான மாறுதலில் வேறு மாவட்டத்துக்குப் போனேன்.

சில வருடம் கழித்து அதே வழியில் இரண்டாவது லைன் போட்டார்கள். ஏற்கெனவே ஒரு லைன் இருக்கிற பாதை என்பதால் மறுப்பை ஏற்க முடியாது என்று சொல்லிவிட்டார்களாம். அதற்குள் மறுப்புச் சொல்ல அந்த ஊரில் அதிகம் பேர் இல்லை.

மறைத்த தவறு அதோடு நிற்பதில்லை, அதற்குத் தொடர்ந்து தீனி போட வேண்டியிருக்கிறது என்று உங்களுக்கு அறிவுரை சொல்லலாம். சொல்லி என்ன? எனக்கு அது அன்றைக்கே தெரியும். பேனல் முன்னால் நின்றபோதும் தெரியும். தெரிந்ததால் ஒன்றும் நடக்கவில்லை. ஆகவே அறிவுரை வேண்டாம். மாறுதலில் போவதற்கு முன் சாலம்மாவைப் பார்க்கப் போனதைச் சொல்லி முடித்துக்கொள்கிறேன்.

அவள் வீட்டுச் சாமான்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தாள். ஓசூர்ப் பக்கம் அண்ணன் வீட்டுக்குப் போவதாகச் சொன்னாள். என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்துப் போயிருந்தேன். அவள் ஒரு முக்காலியைத் துடைத்துப் போட்டாள். நான் உட்காரவில்லை. ஞாயிற்றுக்கிழமை நடந்ததை நானே சொல்ல ஆரம்பித்தேன். போன் வந்தது, ஒயர்மேனை அனுப்பியது, அவர்கள் ஒன்பது மணிக்குத்தான் தொடங்குவார்கள் என்று நான் நினைத்தது. அவள் கட்டுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

“ஏழரைக்கே எல்லாம் தயாரா வச்சிருந்தாருங்க. கிரேனு, ஆளு எல்லாம் வந்தாச்சு. எட்டு மணியாச்சு, ஆரம்பிக்கலாம்னு பாய் சொன்னாரு. இவருதான் வேணான்னாரு. ‘இன்ஜினீரு நம்ம வூட்ல சாப்ட்டவரு, இன்னிக்கு எப்பிடியும் ஒரு எட்டு வந்து பாப்பாரு, வரட்டும்’ன்னு ரோட்டையே பாத்துகிட்டு அரை மணி நேரம் நின்னாருங்க.”

அவள் குனிந்து சாக்கின் வாயை இறுக்கிக் கட்டினாள். அந்த அரை மணி நேரமும் நான் கைப்பிடிக்கு நான்கடி தூரத்தில் நின்றுகொண்டிருந்தேன்.